படி இல்லாத லாயத்து மச்சு

மதுரைச் சீமையில் குதிரைக்காரனாக இருந்துகொண்டு மச்சு வீட்டில் ராஜா மாதிரி வாழ்ந்த ஒரே ஆள் நான்தான். என் மச்சுக்கு வந்து உட்கார்ந்து வெற்றிலை போடாத பெரிய மனிதர் கிடையாது.

பொய். மை காய்வதற்குள் நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மச்சு இருந்தது நிஜம். அதற்கு வாசல் இருந்தது. வாசலுக்குத் தேக்கில் கதவும் பித்தளையில் வளையமும் இருந்தன. படிதான் இல்லை. பெரிய மனிதர் யாராவது வந்திருந்தாலும் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு திரும்பியிருப்பார்.

நான் பள்ளிக்கூடத்தை வெளியே நின்று பார்த்தவன். எஜமானின் பிள்ளைகளை வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிட்டு மரத்தடியில் காத்துக் கிடந்தபோது காதில் விழுந்த எழுத்துகளைக் கொண்டுதான் இதை எழுதுகிறேன். குதிரை கனைத்த நேரத்தில் சொல்லிக்கொடுத்தது எதுவும் எனக்குத் தெரியாது. அதனால் பிழை இருந்தால் பாதிப் பழி குதிரைக்கு.

அலங்காநல்லூர்ப் பக்கம் வயல்களுக்கு நடுவில் எஜமானுக்கு ஒரு பங்களா. வாய்க்கால் பாலத்தைத் தாண்டினதும் முதலில் கண்ணில் படுவது பங்களா இல்லை, லாயம். புதிதாக வருகிறவர்கள் அதைத்தான் பங்களா என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவார்கள். உள்ளே குதிரை நிற்கும். அதற்குக் கும்பிடு போட்டவர்கள்கூட உண்டு. குதிரை திருப்பிக் கும்பிட்டதில்லை. என்னை மாதிரியே அதற்கும் வளர்ப்பு போதாது.

அந்த லாயத்தைக் கட்டினவர் எஜமானின் அப்பா. அவருக்குப் பழக்கமான ஒரு துரை ஊரைவிட்டுப் போகும்போது ஒரு படத்தைக் கொடுத்துவிட்டுப் போனாராம். துரையின் ஊரில், அவர்கள் பண்ணை மாளிகையில் இருக்கும் குதிரை லாயத்தின் படம். இரண்டு உள்ளங்கை அகலம்தான் இருக்கும். பெரியவர் அதைக் கொத்தனார் கையில் கொடுத்து, "இதே மாதிரி இங்க ஒண்ணு நிக்கணும். ஒரு நூலு கூடக்கூடாது, கொறையக்கூடாது" என்று சொல்லிவிட்டார்.

கொத்தனார் சொன்ன சொல் தவறாதவர். அதுதான் கேடாகப் போயிற்று.

படத்தில் நடுவே பெரிய வளைவு. வைத்தார். வளைவுக்கு இரண்டு பக்கமும் குதிரைகளுக்குத் தனித்தனி அறைகள், ஒவ்வொன்றுக்கும் மேலே வட்ட ஜன்னல். வைத்தார். சுவர் அகலத்தில் ஒரு ஆள் குறுக்கே படுத்துத் தூங்கலாம். தரையில் கல் பாவி, குதிரை மூத்திரம் தேங்காமல் ஓட நடுவில் வாட்டம் கொடுத்து ஓடை. சுவரில் முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து அரைத்த பூச்சு. கை வைத்தால் வழுக்கும். தீனி வைக்கும் கல் தொட்டியைப் படத்தில் இருந்த குதிரையின் உயரத்துக்கு வைத்தார். படத்துக் குதிரை ஆனை மாதிரி இருந்திருக்க வேண்டும். எங்கள் குதிரை நாட்டு மட்டம், குட்டை ஜாதி. தொட்டிக்குள் கொள்ளு இருப்பது வாசனையில்தான் அதற்குத் தெரியும். கடைசியில் தொட்டிக்கு முன்னால் மண்ணைக் கொட்டி மேடு கட்டிக் குதிரையை ஏற்றி நிறுத்தினேன். இறங்கும்போது தினமும் என் காலைத்தான் மிதிக்கும்.

உச்சியில் படத்தில் ஒரு கடிகாரம் இருந்தது. கொத்தனார் அதையும் வைத்தார், சுதையில். முள்ளும் சுதைதான். படம் வரைந்தபோது பத்தேகால் போல. எங்கள் லாயத்தில் என்றைக்கும் பத்தேகால். களையெடுக்க வருகிற பெண்கள் பொழுது சாய்ந்து போகும்போது அதைப் பார்த்து, "இன்னும் பத்தேகாலுதான் ஆகுது, அதுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சு போச்சே" என்று என்னைக் கேலி செய்துவிட்டுப் போவார்கள். கட்டினவன் நான் இல்லை என்றால் யார் கேட்கிறார்கள்?

இனி மச்சு. படத்தில் வளைவுக்கு மேலே, சுவரின் நடுவில் ஒரு கதவு இருந்தது. கதவுக்குக் கீழே படி இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் சுவர். கதவுக்கு மேலே ஒரு உத்தரம் சுவரைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டு, நுனியில் இரும்புக் கப்பி. கொத்தனார் மச்சு கட்டினார், கதவு வைத்தார், உத்தரத்தை நீட்டினார், கப்பியை மாட்டினார். படிக்கட்டு ஒருவேளை அந்த ஊரில் பின்பக்கம் இருந்திருக்கலாம், உள்ளே இருந்திருக்கலாம். படத்தில் இருந்தது முன்பக்கம் மட்டும். படம் சொல்லவில்லை, கொத்தனார் கேட்கவில்லை. சாரத்தின் வழியாகக் கடைசியாக அவர் இறங்கினார். சாரத்தைப் பிரித்தார்கள். அதற்குப் பிறகு அந்த மச்சுக்குப் போய்வந்தது புறாக்கள் மட்டும்தான்.

கிணறே இல்லாத இடத்தில் கப்பி எதற்கு என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கார்த்திகைக்கு விளக்குத் தொங்கவிட என்பார் ஒருவர். பண்ணைக் கணக்கப்பிள்ளையைக் கேட்டால், "வேல செய்யாத குதிரைக்காரனக் கட்டித் தொங்கவிட" என்பார்.

எனக்கு அந்த மச்சு தேவைப்பட்டதற்குக் காரணம் எஜமானின் கார். லாயத்தின் ஓரத்தில் சாரட்டு வண்டி நிற்கும் அறை ஒன்று உண்டு. அதில்தான் நான் படுத்திருந்தேன். கார் வந்ததும் அறை காருக்குப் போயிற்று. சாரட்டு வேப்பமரத்தடிக்குப் போயிற்று. நான் குதிரைக்குப் பக்கத்தில் போனேன். பிறகு சண்டைக்காலம் வந்தது. பெட்ரோல் கிடைக்கவில்லை. மதுரைப் பஸ்ஸெல்லாம் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடின. எஜமான் மறுபடி சாரட்டுக்கே வந்தார். சரி, அறை திரும்பக் கிடைக்கும் என்று நானும் பாயைச் சுருட்டிக்கொண்டு நின்றேன். காரைச் செங்கல்மேல் ஏற்றி வைத்து, மேலே ஜமுக்காளம் போர்த்தி, அறையைப் பூட்டிச் சாவியைக் கணக்கப்பிள்ளை இடுப்பில் செருகிக்கொண்டார். ஓடாத காருக்கு அறை. ஓடுகிற எனக்கு லாயம்.

தனியாளாக இருந்தால் அதையும் சொல்லிச் சிரித்துக்கொண்டு கிடந்திருப்பேன். அப்போது பழங்காநத்தத்தில் எனக்கு ஒரு பெண் பேசியிருந்தார்கள். பெண்ணின் அப்பா ஜட்கா வண்டிக்காரர். எனக்கு இருந்த வயதில் அது கடைசி இடம். அதற்கு முன் பார்த்த இடங்களெல்லாம், "பையன் எங்க குடியிருக்கான்?" என்ற கேள்வியிலேயே கலைந்து போயிருந்தன. நான் அந்தப் பெண்ணைத் தெப்பத் திருவிழாவில் ஒரு தடவை பார்த்திருந்தேன். ஒரு பலூன்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள், ஜெயித்தாள். எனக்குப் பிடித்துப்போயிற்று. நான் அதுவரை யாரோடும் சண்டை போட்டு ஜெயித்ததில்லை, குதிரையோடுகூட.

இந்த முறை கேள்வி வந்ததும் நான் முந்திக்கொண்டேன். "மச்சு வீடுங்க" என்றேன்.

சொல்லிவிட்டு எஜமானிடம் ஓடினேன். அவர் கூடத்தில் ஊஞ்சலில் இருந்தார். எதிர்ச் சுவரில் சாமி படங்களுக்கு நடுவே மாலை போட்டு அந்த லாயப் படம் தொங்கியது.

"மச்சுல இருந்துக்கட்டா எசமான்? கலியாணம் பேசியிருக்கு" என்றேன்.

"சும்மாதான கிடக்கு. தாராளமா இருந்துக்க."

"ஒரு படி கட்டிக் குடுத்தீகன்னா…"

எஜமான் சுவரைக் காட்டினார். "படத்துல படி இருக்கா?"

"இல்லீக."

"அப்பறம்?"

"கதவு இருக்குதுல்லீகளா? கதவுன்னு ஒண்ணு இருந்தா, எவனாச்சும் ஏறிப் போய்த்தானே தொறந்திருப்பான்?"

"அது அந்த ஊருக்காரன் பாடு. எங்கப்பா கட்டுனதுல ஒரு செங்கல அசைக்க விடமாட்டேன். சாகுறப்பக்கூட லாயத்தப் பாத்துக்கடான்னுதான் சொன்னாரு. என்னையப் பாத்துக்கன்னு அம்மாகிட்டக்கூடச் சொல்லல."

முன்பக்கம் முடியாது. பின்பக்கம் எஜமானியம்மாளின் நந்தவனம்; குதிரைக்காரன் நிழல் பட்டாலே பூ வாடிவிடும். உள்ளேயிருந்து மச்சுத் தளத்தில் ஓட்டை போட்டு ஏணி வைக்கலாம் என்று கொத்தனாரின் மகனைக் கூட்டிவந்து கேட்டேன். அவர் உத்தரங்களைத் தட்டிப் பார்த்து, ஒரே ஒரு இடத்தில்தான் தளத்தைத் திறக்க முடியும், மற்ற இடத்தில் கை வைத்தால் மொத்தமும் உட்கார்ந்துவிடும் என்றார். அந்த ஒரே இடம் காரின் தலைக்கு நேர் மேலே.

"கார்மேல சுண்ணாம்பு கொட்டுச்சுன்னா உன்னையக் கொட்டிப்புடுவேன்" என்றார் கணக்கப்பிள்ளை.

எனக்கு அழுகை வந்தது. நான் அழுதால் சிரிக்கிற மாதிரித்தான் இருக்கும், அதனால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

மிச்சம் இருந்தது பண்ணையின் மூங்கில் ஏணி. வைக்கோல் படப்புப் போடும்போது சாத்துகிற நீள ஏணி, பண்ணைக்கே ஒன்றுதான். கணக்கப்பிள்ளையைக் கெஞ்சி வாங்கி மச்சு வாசலில் சாத்தினேன். மேலே ஏறிப் பார்த்தால், முன்வாசலுக்கு நேரே பின்பக்கமும் ஒரு வட்ட ஜன்னல், நடுவில் தேக்குத் தூண்கள், நல்ல காற்று. கூடவே ஒரு தலைமுறைப் புறா எச்சம். அதைச் சுரண்டி மூட்டை கட்டி இறக்குவதற்குள் நானே புறா மாதிரி முனக ஆரம்பித்துவிட்டேன். சுண்ணாம்பு அடித்தேன். பாய் விரித்தேன். மேலூரில் கட்டிக்கொடுத்திருந்த என் அக்காவை வரவழைத்தேன். பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிற நாளும் வந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். பெண் வீட்டார் வீடு பார்க்க வந்தால், சம்பந்தம் முடிவாகிற வரைக்கும் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். சோறு மட்டுமில்லை, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. கை நனைத்துவிட்டால் பெண்ணைக் கொடுக்கிறோம் என்று சொன்ன மாதிரி. பிறகு மாற்றிப் பேசினால் ஊரில் தலைகாட்ட முடியாது. தெரிந்தும் என் அக்கா விடியற்காலையிலேயே வேப்பமரத்தடியில் அடுப்பு மூட்டிக் கோழிக் குழம்பு வைத்துவிட்டாள். "வாசன வேல செய்யும்டா" என்றாள்.

ஜட்கா வந்தது. பெண்ணின் அப்பாவும், அவருடைய அக்காவும் இறங்கினார்கள். பெண்ணுக்கு அத்தை. வெற்றிலை போட்ட வாய், ஆளைக் கண்ணாலேயே எடை போடுகிறவர். தம்பி வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான் என்று ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தேன்.

பெண்ணின் அப்பா லாயத்துக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டார். ஜட்காக்காரர் இல்லையா, வந்த வேலையை மறந்துவிட்டார். வளைவைப் பார்த்தார், கல் பாவின தரையைப் பார்த்தார், குனிந்து ஓடையைத் தடவிப் பார்த்தார்.

"என்ன தம்பி, குதிரைக்குக் கோயிலே கட்டியிருக்காக! இம்புட்டுக் காத்தோட்டமா? எங்கூட்டுல மனுசனுக்கே இது இல்ல. குதிரைக்குக் கேட்டீகன்னா இப்பவே தட்ட மாத்திட்டுப் போயிருவேன்."

"குதிரைக்கு ஏற்கெனவே ஆயிருச்சு மாமா. இனி என் முறை" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அவர் அக்காவும் சிரிக்கவில்லை. குதிரை மட்டும் தும்மியது.

"குதிர வீட்டப் பாத்தாச்சு. மனுசன் வீடு எங்க?" என்றார் அத்தை.

வெளியே கூட்டிவந்து மேலே கையைக் காட்டினேன். அவர் கண் முதலில் கடிகாரத்தில் போய் நின்றது.

"பத்தேகாலா? நாங்க கெளம்பயிலயே மில்லுல பத்து மணிச் சங்கு ஊதிருச்சே!"

"அது எப்பவும் அப்பிடித்தான் அத்தே."

"கடியாரமும் ஓடல. படியவும் காணோம். இந்த ஏணிதான் வழியா?"

"படி வருது அத்தே. எசமான் சொல்லியிருக்காக." எஜமான் சொன்னது என்ன என்பது உங்களுக்குத் தெரியும்.

பெண்ணின் அப்பாவுக்கு முழங்கால் வலி. அவர் ஏணியைப் பார்த்ததும் தலையை ஆட்டிவிட்டார். அத்தை ஆட்டவில்லை. சேலையை வரிந்து செருகினார். "படப்பு மேல நின்னு வைக்கல் வாங்கிப் போட்ட கையி இது. ஏணிக்கா பயப்படப் போறேன்? தள்ளு" என்று விறுவிறுவென்று ஏறிவிட்டார். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, மேலே கேட்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் அர்த்தம் தேடினேன். பாயைப் புரட்டுகிற சத்தம். தூணைத் தட்டுகிற சத்தம். பிறகு குரல்: "காத்து நல்லாத்தேன் வருது."

அந்த வார்த்தையில் எனக்குப் பாதித் தாலி கட்டின மாதிரி ஆகிவிட்டது. அந்த நேரம் பார்த்து, மறுபடி லாயத்துக்குள் போயிருந்த பெண்ணின் அப்பா உள்ளேயிருந்து கூப்பிட்டார். "தம்பி, இங்க வா. இந்த லாடத்தக் கோணலா அடிச்சிருக்கான் பாரு." வருங்கால மாமனார் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா? போனேன். குதிரையின் காலை மடியில் வைத்துக்கொண்டு அவர் லாடத்தைப் பற்றி விளக்கமாகப் பேசினார்.

அன்றைக்கு மேற்கு வயலில் கதிரடித்துப் படப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏணியைக் கொண்டுவரச் சொல்லிக் கணக்கப்பிள்ளை மாட்டுவண்டிக்காரர் ஒருவரை அனுப்பியிருந்தார். அவர் வந்து பார்த்தார். சும்மா ஒரு ஏணி சாத்திக் கிடக்கிறது. அத்தை பின்பக்க ஜன்னலில் நந்தவனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டிக்காரர் ஏணியை ஏற்றினார், போய்விட்டார். அடுப்படியில் இருந்த என் அக்கா பார்த்திருக்கிறாள். நான்தான் அனுப்புகிறேன் என்று நினைத்தாளாம்.

"ஏ தம்பி!" என்று மேலேயிருந்து குரல். வெளியே ஓடிவந்தேன். அத்தை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே வெறும் சுவர். வழவழவென்று முட்டைச் சுண்ணாம்பு. பல்லி ஏறினால்கூட வழுக்கும்.

"ஏணி எங்கடா?"

தம்பி 'டா' ஆகிவிட்டது. என் சம்பந்தம் எவ்வளவு கீழே விழுந்தது என்று அதிலேயே அளந்துகொண்டேன்.

குதிரைமேல் ஏறி மேற்கு வயலுக்கு விரட்டினேன். ஏணி பாதிப் படப்பில் சாத்தியிருந்தது. உச்சியில் இரண்டு பேர் நின்று வைக்கோல் வாங்கிக்கொண்டிருந்தார்கள். கணக்கப்பிள்ளை குடை பிடித்து நின்றார்.

"அண்ணே, ஏணி வேணும். பொண்ணோட அத்தை மச்சுல மாட்டிக்கிட்டாக."

"பாதிப் படப்புல ஏணிய எடுத்தா மேல இருக்கறவன் எப்பிடி எறங்குவான்? படப்பு முடியட்டும்."

"அதுவரைக்கும் சம்பந்தம் நிக்காதுண்ணே!"

"எங்க ஓடிப் போகப் போகுது? அதான் மேல ஏத்தி அடைச்சு வச்சிருக்கியே."

படப்பில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் வைக்கோல் சரிந்தது. அதற்கும் என்னைத்தான் திட்டினார்கள். வெறும் கையோடு திரும்பினேன். பண்ணையில் இருந்த சின்ன ஏணிகளைக் கொண்டுவந்து சாத்திப் பார்த்தேன். பாதிச் சுவர்கூட எட்டவில்லை. இரண்டை ஒன்றாகக் கட்டிச் சாத்தி ஏறினேன். பாதியில் கட்டு அவிழ்ந்து சாணிக் குழியில் விழுந்தேன். மாப்பிள்ளைக்கென்று வாங்கின வேட்டி. நல்லவேளை, பெண் வரவில்லை.

வெயில் உச்சியைத் தாண்டியும் கொளுத்தியது. மச்சில் அதுவரை வந்த காற்று நின்றுபோயிற்று. அத்தை வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார்.

"தொண்ட காயுதுடா" என்றார் தம்பியைப் பார்த்து.

"அக்கா, தண்ணி குடிச்சுராத! நான் இன்னும் முடிவு பண்ணல!" என்று இவர் பதறினார்.

"குடிக்காம இங்கயே செத்தேன்னா, பொணத்த எறக்கவும் ஏணி வேணும்டா. நீ முடிவு பண்ணி முடிக்கிறதுக்குள்ள எனக்கு முடிஞ்சுரும்."

"குடுத்தாலும் எப்பிடி அத்தே மேல வரும்?" என்றேன். 

அத்தை தலையைத் தூக்கிக் கப்பியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எத்தனையோ பேர் அந்தக் கப்பியை அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள். தண்ணீர்த் தாகத்தோடு அதைப் பார்த்த முதல் ஆள் அவர்தான்.

"கப்பி இருக்கு. கெணத்துல எறைச்சது இல்லையா நீ? கயித்த வீசு."

லாயத்துக் கயிற்றில் ஒரு முனையைச் சுருட்டி வீசினேன். கடிகாரத்தில் பட்டுத் திரும்பியது. மறுபடி வீசினேன். என் தலையில் விழுந்தது. வீசி வீசிக் கை ஓய்ந்தபோது அத்தை எட்டிப் பிடித்தார். ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, வெளியே சாய்ந்து, கப்பியில் கயிற்றை மாட்டினார். கீழே தம்பிக்காரர் கண்ணைப் பொத்திக்கொண்டார். கப்பி கட்டின நாளிலிருந்து சுற்றியதில்லை. முதல் சுற்றுக்கு அது போட்ட சத்தத்தில் என் குதிரை மண்மேட்டிலிருந்து குதித்துவிட்டது.

தண்ணீர்ச் செம்பு ஆடி ஆடி மேலே போயிற்று. அத்தை அண்ணாந்து குடித்தார். பெண்ணின் அப்பா தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். என் அக்கா நேரத்தை வீணாக்குகிறவள் இல்லை. செம்பு இறங்கினதும் அதே கயிற்றில் தூக்குச்சட்டியைக் கட்டி இழுக்கச் சொல்லிவிட்டாள். சோறும் கோழிக் குழம்பும்.

"அக்கா, வேணாம்!" என்றார் தம்பி.

"தண்ணிக்குக் கை நனைஞ்சு போச்சு. இனி சோத்துக்கு நனைஞ்சா என்ன?" என்று சொல்லி அத்தை சப்பணமிட்டு உட்கார்ந்து, வானத்துக்கும் பூமிக்கும் நடுவில் நிதானமாகச் சாப்பிட்டார். எலும்பைக் கடித்துக் கீழே போட்டார். ஒன்று என் தோளில் விழுந்தது.

கப்பியின் சத்தம் கேட்டு எஜமான் பங்களாவிலிருந்து வந்துவிட்டார். அவர் அப்பா கட்டின வாசலில் யாரோ ஒரு பெண்பிள்ளை கோழி தின்றுகொண்டிருக்கிறாள். இன்றோடு என் வேலை போயிற்று என்று நான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றேன். எஜமான் அத்தையைப் பார்க்கவில்லை. கப்பியையே பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"எங்கப்பா காரணமில்லாம ஒண்ணும் வைக்க மாட்டாருன்னு எனக்குத் தெரியும்டா! அந்த ஊரு மழ ஊரு. வைக்கல் நனையாம மச்சுல ஏத்தத்தான் கப்பி. வாசல் ஆளுக்கு இல்ல, சாமானுக்கு!"

சந்தர்ப்பத்தை விடக் கூடாது என்று நான் கும்பிட்டேன். "எசமான், இதே நேரத்துல அந்தப் படியையும்…"

"படி எதுக்கு? அதான் எல்லாம் கயித்துலயே போகுதே! எம்புட்டு அழகாப் போகுது பாரு. இனி படின்னு வாயத் தொறக்காத." அந்தக் கயிற்றை அவரே ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகத் திரும்பிப் போனார்.

என் படியை அன்றைக்கு என் கையாலேயே கயிறு போட்டுத் தூக்கிலிட்டேன்.

படப்பு முடிந்து ஏணி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அத்தை இறங்கினார். தம்பியைத் தள்ளிக் கூட்டிப்போய்ப் பேசினார். எங்கள் காதில் விழட்டும் என்றுதான் பேசினார்.

"கை நனைச்சுட்டு வந்து பொண்ணு இல்லன்னு சொன்னா என்னைய நாலு பேரு காறித் துப்புவாக. குழம்பும் நல்லாத்தேன் இருந்துச்சு."

"ஏணிய நம்பியா அக்கா பொண்ணக் குடுக்கச் சொல்ற?"

"உன் மக மரம் ஏறுறவதானடா? அவன்தான் விழுவான். அவ விழமாட்டா."

பெண்ணின் அப்பா என்னிடம் வந்தார். சாணி காய்ந்த வேட்டியை மேலும் கீழும் பார்த்தார். "படி கட்டிப்புடுங்க மாப்ள" என்றார்.

தம்பி, 'டா', இப்போது மாப்ள. சம்பந்தம் முடிந்துவிட்டது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். "கட்டிருவோம் மாமா" என்று வாய் சொன்னது. கண் அந்த வழவழச் சுவரைப் பார்த்தது.

கல்யாணம் நடந்தது. படி நடக்கவில்லை. நான் கேட்கும்போதெல்லாம் எஜமான் கப்பிக்கு எண்ணெய் வாங்கக் காசு கொடுத்தார். மாமனார் வரும்போதெல்லாம் "படி?" என்பார். நான் "எசமான்கிட்ட இருக்கு" என்பேன்.

பெண்ணை அழைத்துக்கொண்டு வந்த அன்றைக்கே பெரிய தகராறு. புதுப்பெண் வீட்டுக்குள் நுழைவதற்கு முன் வாசலில் ஆரத்தி எடுக்க வேண்டும், வலது காலை எடுத்து வைத்து உள்ளே போக வேண்டும். வாசல் எது? ஏணியின் அடியா, மேலே இருக்கிற கதவா? என் அக்கா ஆரத்தித் தட்டோடு கீழே நின்றுகொண்டு இங்கேதான் என்கிறாள். அத்தை, "நெலைப்படி இருக்கற எடம்தான் வாசல், தட்டக் கயித்துல கட்டி மேல ஏத்துங்க" என்கிறார். ஆரத்தியில் கற்பூரம் எரிந்துகொண்டிருக்கிறது, கயிறோ வைக்கோல் கயிறு. மாமனார் என்னைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறார். இதற்குள் பெண் என்ன செய்தாள் தெரியுமா, மாலையைக் கழற்றி என் கழுத்திலேயே போட்டுவிட்டு, கொசுவத்தை—

"என்னங்க! ஏங்க!"

மச்சு வாசலில் அவள்தான் நிற்கிறாள். இடுப்பில் குடம்.

"எங்க அத்தைய விட்டாப்புல என்னையும் விட்டாச்சா? ஏணிய எங்க கொண்டு போனீக?"

உட்கார்ந்து எழுத வேறு இடம் இல்லையே என்று ஏணியைத்தான் வேப்பமரத்தடிக்கு இழுத்துவந்து படுக்கப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"வாரேன், வாரேன்!"